கென்யா, தான்சானியா சஃபாரி: விலை ஏன் ஏறியது, எதைக் கேட்டு வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரிலும் இங்கே பினாங்கின் பாயான் பாருவிலும் நடக்கும் பயணக் கண்காட்சிகளில் ஆப்பிரிக்க சஃபாரியை விற்கும் கடைகள் கூடிக்கொண்டே வருகின்றன. 'கென்யா 7 நாள்', 'தான்சானியா 8 நாள்' என்று நாளிதழ்களிலும் விளம்பரம் வருகிறது. சிங்கத்தின் படம் பெரிதாக இருக்கிறது, விலையும் பெரிதாக இருக்கிறது. அந்த விலைக்குள் பூங்கா நுழைவுக் கட்டணம் அடக்கமா, எத்தனை நாளுக்கு அடக்கம் என்பது மட்டும் எங்கும் இல்லை. 'கட்டணங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை' என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

கோவிட் காலத்துக்கு முன் போய்வந்த உறவினர் சொன்ன தொகையை நினைவில் வைத்துக்கொண்டு இன்று விலை கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முகவர் கொள்ளையடிக்கிறார் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு விழுந்ததுதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 80 காசு கொடுத்தோம் என்பது உண்மை. அதன் பிறகு வெள்ளி நன்றாகத் தேறியும் சஃபாரி விலை இறங்கவில்லையே, ஏன்? டாலரிலேயே விலை ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு பூங்காக் கட்டணம். அதை முகவராலும் குறைக்க முடியாது, நம்மாலும் பேரம் பேச முடியாது. நம் கைக்குள் இருப்பவை மூன்று: எந்த மாதம் போகிறோம், எங்கே தங்குகிறோம், ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறோம். இந்த மூன்றையும் சரியாகப் பிடித்தால், அதே விலங்குகளை ஏறக்குறைய பாதிக் கட்டணத்தில் பார்க்கலாம். கணக்குக்காக ஒரு டாலரை 4 வெள்ளி 20 காசு என்று கொள்கிறேன்.

மாசாய் மாராவை எடுத்துக்கொள்வோம். அது கென்யாவின் நாரோக் மாவட்ட அரசின் கையில் இருக்கும் காப்பகம். வெளிநாட்டுப் பெரியவருக்கு 2023 வரை ஒரு நாளுக்கு 70, 80 டாலர் என்று இருந்த கட்டணம், 2024-இல் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று மாறியது. 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர். பழைய கட்டணத்தில் போனவர் சொல்லும் விலைக்கும் இன்றைய ஆகஸ்ட் மாத விலைக்கும் உள்ள இடைவெளியில், ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு 500 வெள்ளிக்கு மேல் இந்த ஓர் உயர்வுக்கே போய்விடுகிறது.

கட்டணத் தொகையைவிட, அது எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லும் என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மாரா சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, 12 மணி நேரத்துக்கு மட்டும். காப்பகத்துக்குள்ளேயே தங்குபவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட்டால் அன்றைக்குக் கட்டணம் இல்லை. தாண்டினால் இன்னொரு முழுச் சீட்டு. வெளியே, செக்கெனானி வாயிலுக்கோ தாலேக் ஊருக்கோ பக்கத்தில் தங்குபவர்கள் ஒவ்வொரு நாள் உள்ளே நுழையும்போதும் புதுச் சீட்டு வாங்க வேண்டும்.

அம்மா, அப்பா, இடைநிலைப்பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள். ஆகஸ்டில் இரண்டு இரவு. உள்ளே தங்கினால் இரண்டு நாள் சீட்டு: பெரியவர்களுக்கு 800, பிள்ளைகளுக்கு 200, ஆக 1,000 டாலர். வெளியே தங்கி மூன்று நாளும் உள்ளே போனால் 1,500 டாலர். வெளிக் கூடாரம் மலிவு என்று நினைத்து எடுத்தவர், அறை வாடகையில் மிச்சம் பிடித்ததை வாயிலில் கட்டிவிட்டு, மேற்கொண்டும் கொடுக்கிறார். 500 டாலர் என்றால் 2,100 வெள்ளி.

இதையே முகவர் வேறு மாதிரியும் செய்யலாம். வெளியே இரண்டு இரவு தங்கவைத்து, நடு நாளில் மட்டும் உள்ளே கூட்டிப் போவது. நால்வருக்குச் சீட்டு 500 டாலரோடு முடிந்துவிடும். வந்த நாள் மாலையில் எல்லையோரமாக ஒரு சுற்று, போகும் நாள் காலையில் மாசாய் பழங்குடியினரின் கிராமம். விளம்பரத்தில் இது '3 நாள் மாரா'. உண்மையில் பூங்காவுக்குள் இருப்பது அதிகம் போனால் 12 மணி நேரம். இதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். கையில் இருக்கும் பணத்துக்கு அது போதும் என்று தெரிந்து வாங்கினால் நல்ல ஏற்பாடுதான். மூன்று நாள் என்று நம்பி வாங்கினால்தான் வயிறு எரியும். ஆகவே இரண்டு பேக்கேஜ்களை ஒப்பிடும்போது நாள் கணக்கை ஒதுக்கிவிட்டு, எத்தனை நுழைவுச் சீட்டு அடக்கம், பூங்காவுக்குள் மொத்தம் எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மொத்த விலையை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் மலிவு எது என்பது வேறு முகம் காட்டும்.

மாராவை ஒட்டி மாசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தனிக் காப்பகங்கள் உண்டு: மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்றவை. அங்கே ஒரு சிறுத்தையைச் சுற்றி முப்பது வண்டி நிற்காது; பாதையை விட்டு இறங்கலாம், இரவிலும் வண்டியில் சுற்றலாம். இரண்டும் அரசுக் காப்பகத்துக்குள் கிடையாது. விலை கூடுதல்தான். ஆனால் ஜூலைக்குப் பிறகு மாராவின் 200 டாலரோடு சேர்த்துப் பார்க்கும்போது வித்தியாசம் முன்பு இருந்ததைவிடச் சுருங்கியிருக்கிறது. இரண்டு இரவாவது இங்கே தங்கி, ஒரே ஒரு நாள் மாராவுக்குள் போய்வரும் திட்டத்தையும் விலை கேட்டுப் பாருங்கள்.

அடுத்து மாதம். நம்மவர்கள் பலர் பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறையைப் பார்த்து டிசம்பரில் போகிறார்கள். மாராவைப் பொறுத்தவரை அது மோசமான தேர்வு. கட்டணம் 200 டாலர். ஆனால் அந்த 200 டாலருக்குக் காரணமான வில்டபீஸ்ட் (மாட்டைப் போன்ற ஒரு வகை மான்) மந்தைகள் அதற்குள் தெற்கே தான்சானியாவின் செரங்கெட்டிக்குத் திரும்பியிருக்கும். அவை மாராவில் இருப்பது பொதுவாக ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை. சிங்கம், யானை, சிவிங்கிப்புலி, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. மந்தை ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டும் என்றால் 200 டாலரைக் கொடுத்துவிட்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ போக வேண்டும். விலங்குகளைப் பார்த்தால் போதும் என்பவர்கள் மே கடைசியில் தொடங்கும் அரையாண்டு விடுமுறையில் போகலாம். பெருமழை ஓயும் நேரம், புல் உயரமாக இருக்கும், சேற்றில் வண்டி ஓரிரு முறை சிக்கும். ஆனால் ஜூன் 30 வரை கட்டணம் பாதி. தங்குமிடங்களும் விலையைக் குறைக்கும். மேலே சொன்ன அதே குடும்பம், உள்ளே அதே இரண்டு இரவு: 1,000 டாலருக்குப் பதில் 600 டாலர்.

சீனப் புத்தாண்டு விடுமுறை பெரும்பாலும் பிப்ரவரியில் விழுவதால் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த மாதத்தில் தான்சானியாவில் செரங்கெட்டிக்குத் தெற்கே நிடுட்டுப் பகுதியில் வில்டபீஸ்ட் கன்று ஈனும். ஆற்றைக் கடக்கும் காட்சிக்குக் கிடைக்கும் விளம்பரம் இதற்குக் கிடைப்பதில்லை. வேட்டை விலங்குகளைப் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை என்பது என் கருத்து.

தான்சானியாவின் கட்டணக் கணக்கு வேறு வகை. செரங்கெட்டிக்கு 70 டாலர், அதன்மேல் 18 விழுக்காடு வரி, ஆக 82.60. மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை 60 டாலரும் வரியும். இங்கே சீட்டு 24 மணி நேரம் செல்லும் என்பதால் மாராவைவிட நியாயமாகத் தோன்றும். ஆனால் செரங்கெட்டிக்குச் சாலை வழியாகப் போகும் பெரும்பாலான பயணங்கள் கோரோங்கோரோ காப்புப் பகுதியைக் கடந்தே போகின்றன. வெறுமனே கடந்து போவதற்கும் ஒருவருக்கு 60 டாலரும் வரியும், அதாவது 70.80. திரும்பி வரும்போது மறுபடியும் அதே தொகை. அங்கே இருக்கும் எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கினால் வண்டிக்கு வரியோடு 295 டாலர். ஆக, செரங்கெட்டியில் இரண்டு இரவு, பள்ளத்தில் ஒரு சுற்று என்ற சாதாரணப் பயணத்துக்குப் போக 70.80, செரங்கெட்டி இரண்டு நாள் 165.20, திரும்ப 70.80. ஒருவருக்கு 306 டாலர் 80 காசு, பள்ளத்தின் பங்கு தனி. வண்டியில் இருவர் என்றால் அந்தப் பங்கு 147.50, அறுவர் என்றால் 49 டாலர்தான். செரங்கெட்டிக்குள் லாட்ஜில் தங்கினால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 70 டாலர் வரியோடு இன்னொரு கட்டணம் சேரும். பூங்காவின் பொதுக் கூடாரத் திடலில் தங்கினால் அதில் பாதி.

24 மணி நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செரங்கெட்டியின் நாபி ஹில் வாயிலில் பகல் 2 மணிக்கு நுழைந்தவர் இரண்டு நாள் கழித்து 2 மணிக்குள் வெளியேற வேண்டும். அரை மணி நேரம் தாமதமானாலும் இன்னொரு நாள் கட்டணம். அதனால்தான் கடைசி நாளில் ஓட்டுநர் சிங்கத்தைப் பார்த்தும் நிற்காமல் பறக்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. முதல் நாள் அருஷா நகரிலிருந்து தாமதமாகக் கிளம்பி மாலை 4 மணிக்கு நுழைந்தால் கடைசி நாள் மாலை வரை நேரம் கிடைக்கும். ஆனால் முதல் மாலை வீண். இரண்டையும் எடைபோட்டு நேரத்தை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கடைசி நாளிலேயே பள்ளத்துக்கும் போவதாக இருந்தால் 4 மணி கதை நடக்காது.

வண்டிக்கு வருகிறேன். உண்மையில் பேரம் பேச இடம் இருப்பது இங்கேதான். கூரை தூக்கும் லேண்ட் குரூசரை ஓட்டுநர்-வழிகாட்டியோடும் எரிபொருளோடும் எடுத்தால் நாளுக்கு 250 டாலர் அளவில் ஆகும். இருவர் போனாலும் அதேதான், அறுவர் போனாலும் அதேதான். நான்கு நாளுக்கு 1,000 டாலர்: இருவராகப் போனால் தலைக்கு 500, அறுவராகப் போனால் 167. அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து போவதில் கிடைக்கும் சேமிப்பு எந்தத் தள்ளுபடியிலும் கிடைக்காது. ஆனால் ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது; ஆளுக்கொரு சன்னல் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிக்கன பேக்கேஜ்களில் வருவது ஹையேஸ் வகை வேன். காய்ந்த காலத்தில் அது போதும். மழைக் காலத்தில் நான்கு சக்கர உந்துவிசை இல்லாத வேன் மாராவின் கருமண்ணில் புதைந்தால் அரை நாள் போய்விடும். மே, ஜூனில் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் அதில் ஒரு பகுதியை லேண்ட் குரூசருக்குச் செலவழிப்பதுதான் புத்தி.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் 5, 6 மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். ஆனால் கைப்பையோடு சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். கட்டியான சூட்கேஸை ஏற்றமாட்டார்கள். நம் அத்தைமார் பயணத்துக்குக் கட்டும் ஊறுகாய், முறுக்கு டின்களுக்கு அங்கே இடமில்லை.

இத்தனையும் கைக்கு எட்டாது என்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவைப் பார்க்கலாம். வெளிநாட்டவருக்கு நாளுக்கு 600 ராண்ட் அளவில், அதாவது ஏறக்குறைய 150 வெள்ளி. மாராவின் உச்ச காலக் கட்டணம் 840 வெள்ளி என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே வழிகாட்டியும் கட்டாயமில்லை; வாடகைக் காரை நீங்களே ஓட்டலாம். நம்மைப் போல இடப்பக்கம்தான். முக்கியச் சாலைகள் தார் போட்டவை, சாதாரண செடான் போதும். வேகம் தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர். சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. லோவர் சாபி, சத்தாரா, ஸ்குகூசா முகாம்களில் சமையலறையோடு குடில்கள் கிடைக்கும். பதினொரு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறக்கும், தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறை நாள்கள் உடனே தீர்ந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை காய்ந்த காலம். விலங்குகள் தண்ணீர்த் துறைக்கு வரும், தேட வேண்டியதில்லை. வாயில் மூடும் நேரத்துக்குள் முகாமுக்குள் இருக்க வேண்டும்; தவறினால் அபராதம். மாராவின் பரந்த புல்வெளி அங்கே இல்லை, புதர்க்காடுதான். பெருமந்தைகளும் இல்லை. அந்த இரண்டுக்காகத்தான் கிழக்கு ஆப்பிரிக்கா என்பவர்களுக்கு இது மாற்று ஆகாது. முதல் முறை போகும் குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கொரில்லா பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வரி: ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு 1,500 டாலர், உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர். இரண்டிலும் கொரில்லாக்களோடு இருப்பது ஒரு மணி நேரம்தான்.

விலைக்குள் வராத சில்லறைகளும் சேர்ந்தால் கனக்கும். வழிகாட்டிக்கு அன்பளிப்பு வண்டிக்கு நாளுக்கு 15 முதல் 20 டாலர் என்பது அங்கே எதிர்பார்ப்பு. பலூன் சவாரி தலைக்கு 450 டாலருக்குக் குறைவது அரிது. சன்சிபார் தீவைச் சேர்த்துக்கொண்டால் 2024 அக்டோபர் முதல் 44 டாலர் கட்டாயக் காப்புறுதி. சாப்பாட்டில் கவலை வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் குஜராத்தியர்கள் பல தலைமுறையாக வாழ்வதால் சைவம் என்றால் என்ன என்று அங்கே விளக்க வேண்டியதில்லை. சப்பாத்தியும் பருப்பும் கேட்டால் கிடைக்கும். மதியப் பொட்டலத்தில் மட்டும் கோழியும் முட்டையும் வழக்கமாக வரும், முந்தின இரவே சொல்லிவைக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை. கென்யா போன்ற அபாய நாடுகளிலிருந்து திரும்புவோரிடம் நம் சுகாதார அமைச்சு தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். அத்தகைய நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தாலும் கேட்கும். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். அறுபது வயதைக் கடந்தவர்கள் ஊசி போடுமுன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம், பின்விளைவுக்கான வாய்ப்பு அந்த வயதில் கூடுதல். விமானத்தைப் பொறுத்தவரை, 2024 நவம்பரில் தொடங்கிய ஏர்ஏசியா எக்ஸ் கோலாலம்பூர்–நைரோபி நேரடிச் சேவையை நம்பித் திட்டமிடுமுன் அது இன்று பறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் வளைகுடா வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோதான்.

பணம் கட்டுமுன் முகவரிடம் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் தளத்தில் பாருங்கள். அங்கே வண்டி ஓட்டப்போகும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். தான்சானியாவில் அதற்கு 'தாலா' என்ற உரிமம் இருக்க வேண்டும். பூங்காக் கட்டணம் இடையில் உயர்ந்தால், அரசின் ரசீதைக் காட்டி வித்தியாசத்தை மட்டும் வசூலிப்போம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான முகவர் மறுக்கமாட்டார். தான்சானியாவில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. கட்டண மாற்றங்களும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். அந்தத் தேதியைத் தாண்டிய பயணத்துக்கு இந்த வாசகம் கட்டாயம் வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சஃபாரி விளம்பரம் ஏற்கும்போது நான்கு விவரங்களைப் படிக்கும் அளவு எழுத்தில் போடச் சொல்லலாம்: எத்தனை நுழைவுச் சீட்டு அடக்கம், தங்குமிடம் பூங்காவுக்கு உள்ளேயா வெளியேயா, வண்டி எது, அதில் எத்தனை பேர். நான்கு வரிதான், சிங்கத்தின் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைத்துவிடும்.

சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று திரும்பி வந்தவர்கள் புலம்பிக்கொண்டு இருந்துவிட வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். விளம்பரத் தாள், பயணத் திட்டம், வாட்ஸ்அப் உரையாடல், வாயிலில் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எத்தனை நாள் உள்ளே போனீர்கள் என்பதற்கு அந்தச் சீட்டில் இருக்கும் தேதியும் நேரமும்தான் சாட்சி. ஓட்டுநர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது வழக்கம். வாயிலிலேயே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பயணத் துறையில் பணியாற்றும் ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு.